ஜப்பானுக்கு வரையப் போகிற மகனுக்கு

சேகரா, அம்மா எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நான் பேச வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிடுகிறாய். காகிதம் என்றால் மடித்துப் பையில் வைத்தாலும் என்றைக்காவது ஒருநாள் பிரித்துப் பார்ப்பாய். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஜப்பான்காரன் வந்தான், பள்ளிக்கூடத்தை மூடினான், என் படிப்பு அதோடு போயிற்று. மீதி எழுத்தெல்லாம் கோப்பிக்கடையில் கிண்ணம் கழுவுகிற நேரத்தில் பழைய பேப்பரைப் பார்த்துப் பார்த்து நானே பிடித்துக்கொண்டது. அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

முருகன் படத்துக்குக் கீழே அந்த ஒப்பந்தக் காகிதம் நாலு நாளாக இருக்கிறது. ஜப்பானில் பொம்மைப் படம் எடுக்கிற கம்பெனி, இரண்டு வருஷம் வேலை, கடைசிப் பக்கத்தில் அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட ஒரு கோடு. அப்பா இல்லாததால் அந்தக் கோடு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்ட் ராபர்ட் வந்து வாங்கிக்கொள்வானாம், திங்கள்கிழமை வேன் வருமாம். நீ ஒரு தடவைகூட "போட்டீங்களாம்மா" என்று கேட்கவில்லை. காலையில் கோப்பி குடிக்கும்போது காகிதத்தைப் பார்க்கிறாய், பிறகு என்னைப் பார்க்கிறாய், பிறகு கோப்பியைப் பார்க்கிறாய். நீ கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், சண்டை போட்டு முடித்திருக்கலாம். கேட்காமல் இருக்கிறாயே, அதனால்தான் இந்தக் கடிதம்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாம் இருந்தபோது கிராணி வீட்டில் மட்டும்தான் டிவி. கிராணி என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாதிக் கடவுள். ரப்பர்ப் பால் நிறுக்கிறவர், பேர் குறிக்கிறவர், லயத்தில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று சொல்கிறவர். அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் செங்கல் அடுக்கி ஏறி நின்று பார்ப்பீர்கள். கிராணி வீட்டு ஆடு வந்து உன் கால்சட்டையைத் தின்ற கதை தனிக்கதை. பின்பக்கம் முழுவதும் போன பிறகுதான் உனக்குத் தெரிந்தது, அப்படி அந்தப் பெட்டியில் முழுகிப் போயிருந்தாய். சாயங்காலம் அந்த ஜப்பான் பொம்மைப் படம் போடுவான். மலாயில் பேசும், ஆனால் முகம் நம் முகமும் இல்லை, வெள்ளைக்காரன் முகமும் இல்லை, முகத்தில் பாதி கண். நீ வீட்டுக்கு வந்து பால் எடை எழுதின சீட்டின் முதுகில் அதே மாதிரிக் கண்ணாக வரைவாய். உங்கள் அப்பா பால் வெட்டுக் காட்டிலிருந்து வந்து களைத்து உட்காருவார். "இது யாருடா?" என்று கேட்பார். "நீங்கதான்ப்பா" என்பாய். "எனக்கு ஏதுடா இவ்ளோ பெரிய கண்ணு, மாட்டுக் கண்ணு மாதிரி இருக்கு" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நிற்காது. உனக்கு ஏழு வயது ஆகும்போது அந்த இருமலோடு போய்விட்டார்.

அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்துக்குப் போட்டோக்காரன் வருவதாக இருந்தது, அன்றைக்குப் பார்த்து ஆற்றில் தண்ணீர் ஏறி அவன் வரவில்லை. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த நெஞ்சுப் படம். கறுப்பாக, நடுவில் வெள்ளை விலா எலும்பு. தோட்டத்தை விற்று, பால் வெட்டுகிற கித்தா மரத்தை எல்லாம் சாய்த்து, செம்பனை நட்டு, நம்மை வெளியே போகச் சொன்னபோது நான் இந்தக் கோப்பெங் ஊருக்குக் கொண்டுவந்த சாமான் இரண்டு பெட்டி, ஒரு அம்மி, அந்தப் படம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அவருடைய தோள் எலும்பு தெரியும். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், பால் வாளி தொங்குகிற காண்டாக் கம்பைத் தூக்கித் தூக்கி இறங்கிய தோள். அது போதும் எனக்கு.

நீ வளர்ந்தாய். லியோங் ஸ்டூடியோவில் சேர்ந்தாய், கல்யாணத்துக்கு எடுக்கிற சின்ன சினிமாக் கேமராவைக் கையில் பிடித்தாய். அதோடு உன் பைத்தியம் முற்றியது. ஒவ்வொரு படமாக வரைந்து, ஒவ்வொன்றாகப் பிடித்தால் பொம்மை நடக்கும் என்று எனக்கு நீ சொன்னபோது நான் நம்பவில்லை. கண்ணாடி மாதிரித் தகடு வேண்டும் என்றாய், ஜப்பானில் அதற்கென்று தகடு விற்கிறது என்றாய், இங்கே கிடைக்காது என்றாய். பிறகு ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடுகிற பழைய நெஞ்சுப் படங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, வெளுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தாய். கறுப்பு உரிந்து தகடு தண்ணீர் மாதிரி ஆனது. நம் வீட்டுப் பின்பக்கத்தில் யார் யாருடைய நெஞ்சோ கரைந்து சாக்கடையில் ஓடியது. எனக்கு அது பிடிக்கவே இல்லை, சேகரா. செத்தவர்களுடைய படமும் அதில் இருக்கும் அல்லவா. ஆனால் நீ சந்தோஷமாக விசில் அடித்துக்கொண்டு தேய்த்தாய்.

ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், பெட்டி திறந்து கிடக்கிறது. அப்பாவுடைய படம் இல்லை. கொல்லையில் கொடியில் காய்கிறது, சுத்தமாக, வெள்ளையாக, ஒரு எலும்புகூட இல்லாமல். நீ மற்றதோடு சேர்த்துக் கழுவிவிட்டாய். நான் துடைப்பத்தால் உன்னை அடித்தேனே, பதினெட்டு வயதுப் பையனை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்க்க. "உங்கப்பன ரெண்டாவது தடவ கொன்னுட்டியேடா" என்றேன். அந்த வார்த்தை தப்பு. இன்றைக்கு வரைக்கும் அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். நீ அடி வாங்கிக்கொண்டே நின்றாய். "தெரியாமப் பண்ணலம்மா. தெரிஞ்சேதான் எடுத்தேன். அப்பாவ இதுலதான் வரையணும்" என்றாய். நான் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

நாலாவது நாள் நீ அந்தத் தகட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். முகம் இருந்தது. தலைக்குத் துண்டு கட்டிய முகம், இறங்கிய இடது தோள். நான் சொல்லிச் சொல்லி நீ கேட்டு வைத்ததை எல்லாம் வரைந்திருந்தாய். கண் மட்டும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "கண்ணு வேற தகட்டுல வரும்மா. மேல வெச்சு மாத்தி மாத்திப் பிடிச்சா அப்பா கண் சிமிட்டுவாரு. எட்டுத் தகடு இருக்கு. நீங்க வைங்க" என்றாய். நம் தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமிக்குக் கண் திறக்கும்போது நீ சின்னப் பிள்ளை, என் இடுப்பில் இருந்தாய். சிலை எல்லாம் முடித்து, கண்ணை மட்டும் கடைசி நாள் வரைக்கும் வைக்காமல் துணி போட்டு மூடியிருப்பார்கள். கண் வைக்கிற நேரத்தில் ஒருத்தரும் எதிரே நிற்கக்கூடாது. முதல் பார்வை எதன் மேல் விழுகிறதோ அதற்கு ஆகாது என்று கண்ணாடியைத்தான் காட்டுவார்கள். நான் சொல்லிக் கேட்டதை மனதில் வைத்துத்தான் நீ அந்த முகத் தகட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தாய், எனக்குத் தெரியும். நானும் யாரும் எதிரே வராமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருஷம் வெட்டுக் கத்தி பிடித்த கை, சேகரா. பிரஷ் பிடித்ததும் ஆடியது. எட்டு ஜோடிக் கண்ணும் எட்டு விதமாக வந்தது. "கெட்டுப் போச்சுடா" என்றேன். "இருக்கட்டும்மா" என்றாய்.

ஜன்னலுக்கு எல்லாம் சாக்குப் போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் கட்டிய வேட்டியில் அந்தப் படத்தைக் காட்டினாயே, அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். பனி இறங்குகிற கித்தாக் காடு. ஒரு ஆள் மரத்துக்கு மரம் போகிறான். அவன் நடை நடையாகவே இல்லை, தத்தித் தத்திப் போனான், தோட்டத்திலிருந்து நம்மோடு வந்த பக்கத்து வீட்டு மணியம் அண்ணன்கூட "என்னடா தம்பி, கால்ல முள்ளு குத்திருச்சா?" என்று கிண்டல் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த ஆள் நின்றான். திரும்பினான். முகத்தில் பாதி கண்ணாக நம்மைப் பார்த்தான். அந்தக் கண் சும்மா இருக்கவில்லை, நடுங்கியது. இருமலை அடக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிற மாதிரி இருந்தது. மணியம் அண்ணன் எழுந்து உங்கள் அப்பா பேரைச் சொல்லிக் கத்திவிட்டார். "டேய், இது நம்ம பெருமாளுடா! பெருமாளு லா இது!" என்றார். படம் முடிந்தும் சாக்கை எடுக்க ஒருவரும் போகவில்லை.

ஜப்பான்காரன் மாதிரிப் படம் ஜப்பானுக்கு வெளியே ஒருத்தன் எடுக்க முடியுமா என்று உன் கூட்டாளிகள் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சண்டை போடுவார்களே. முடியாது, அது அவனுக்குப் பிறப்பிலேயே வருவது என்பான் ஒருத்தன். ஏன் முடியாது, அவன் வெள்ளைக்காரனைப் பார்த்துத்தானே முதலில் வரைந்தான் என்பான் இன்னொருத்தன். நான் உள்ளே மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன். எனக்கு அன்று மத்தியானமே பதில் கிடைத்துவிட்டது. ஆனால் படிக்காதவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று உன்னிடம் சொல்லாமல் விட்டேன். அது என் இரண்டாவது தப்பு.

பிறகு ஈப்போவில் அந்த ஓட்டல். ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், வரைகிற பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று ராபர்ட் வந்து சொன்னான். நான் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உன்னோடு வந்தேன். அந்த மனிதர் எழுந்து நின்று எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை சுத்தமாக, சட்டை சுத்தமாக, பேச்சு மெதுவாக இருந்தது. நான்தான் அவருடைய பாஷையைக் கேட்டதும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ படத்தைப் போட்டாய். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. பிறகு ராபர்ட்டிடம் என்னவோ கேட்டார். "கண்ணு யாரு போட்டதுன்னு கேக்குறாரு" என்றான் ராபர்ட். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார்" என்றாய்.

எனக்குக் கோபம் இல்லை. கிண்ணம் கழுவுகிற அம்மா வைத்த கண் என்று அந்த இடத்தில் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அவர் நிறையப் பேசினார், ராபர்ட் கொஞ்சமாகச் சொன்னான். "கண்ணு ஆடுது, அது தப்பு. எங்க படத்துல கண்ணு இப்படி ஆடாது. இது எங்க படம் இல்ல, வேற என்னமோன்னு சொல்றாரு. வெளிநாட்டு ஆளுங்களுக்கு இது வராதாம். ஆனா கை சுத்தமா இருக்கு, கலர் அடிக்கிற வேலைக்கு எடுத்துக்கலாமாம்." உன் முகம் விழுந்தது. உடனே நிமிர்ந்து சிரித்து, "கத்துக்குவேன் சார்" என்றாய். ராபர்ட் உன் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையையும் விரலையும் அவருக்குக் காட்டினான். நான் "ரெண்டு வருஷம் முடிஞ்சா என்ன?" என்று கேட்டேன். "அங்க போய்ப் பாத்துக்கலாம் லா ஆண்ட்டி" என்றான். "லீவுக்கு வரலாமா?" என்றேன். "அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம்" என்றான். எல்லாக் கேள்விக்கும் அவனுக்கு அங்கே போய்த்தான் பதில் இருந்தது. கிளம்பும்போது படத்தைப் பெட்டியோடு ராபர்ட் எடுத்துக்கொண்டான், தோக்கியோவில் பெரிய ஆட்களுக்குக் காட்ட வேண்டுமாம். வேறு பிரதி நம்மிடம் இல்லை. இது எங்கள் படம் இல்லை என்று சொன்னவர், வராது என்று சொன்னவர், அதை எதற்கு மூன்று தடவை பார்த்தார், எதற்கு எடுத்து வரச் சொன்னார் என்று பஸ்ஸில் வரும்போது உன்னைக் கேட்க நினைத்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

இப்போது நான் உன்னிடம் சொன்ன பொய்யைச் சொல்கிறேன். புதன்கிழமை தைப்பிங்கில் ஒரு சாவு என்று சொல்லிவிட்டுப் போனேனே, சாவு ஒன்றும் இல்லை. ராபர்ட் பெருமைக்குச் சொன்னான் அல்லவா, தைப்பிங்கிலிருந்து அந்தோணி என்று ஒரு பையன் போன வருஷம் போனான், ஜம்மென்று இருக்கிறான் என்று. அந்தப் பையனுடைய அம்மாவைப் பார்க்கத்தான் போனேன். ஒப்பந்தக் காகிதத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தைப்பிங் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஏறுகிற வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தது. மாதா கோயில் பின்னால் வீடு என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ரோசலின் என்று பேர், என் வயதுதான் இருக்கும், கான்வெண்டில் படித்தவர், தையல் வேலை செய்கிறார். நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தார். "உங்க மகனும் வரைவானாக்கா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா" என்றேன். எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

அந்தோணியுடைய கடிதங்கள். மாதம் ஒன்று. முதல் கடிதத்தில் எழுத்துக்கு இடமே இல்லை, நாலு ஓரமும் முகம், பூனை, மழை, ரயிலில் தூங்குகிற ஆட்கள். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் எழுதியிருக்கிறான், இங்கே நான் முகம் வரைவதில்லை, ஒருத்தர் கோடு போடுகிறார், வேறொருத்தர் கண் வைக்கிறார், நான் காலையிலிருந்து தலைமுடிக்கு மட்டும் கலர் அடிக்கிறேன், இந்த மாதம் முழுவதும் நீலம் என்று. அதில் ஓரத்தில் இருந்த முகங்களுக்குக் கண் இல்லை. அடுத்ததில் முகமே இல்லை, சும்மா வட்டம். அதற்கு அப்புறம் ஓரம் காலி. "நலமாக இருக்கிறேன், சாப்பாடு நல்லது, கவலை வேண்டாம், ஜெபம் செய்யுங்கள்." ரோசலின் அக்கா கடைசி மூன்று கடிதத்தை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெளியே மழை வெளிச்சம். எழுத்து எழுத்தின் மேலேயே உட்கார்ந்தது, சேகரா. ஒரு புள்ளி விலகவில்லை. மூன்று காகிதம், ஒரே கடிதம். "கீழ வெளக்கு வெச்ச மேசையில பழைய கடுதாசிய வெச்சு, அது மேலயே எழுதிருக்கான்க்கா. இல்லன்னா வேற யாரோ எழுதிருக்காங்க. எது நல்லதுன்னு நெனைக்கிறதுன்னே எனக்குத் தெரியல" என்றார். நான் கடிதங்களை மடித்து டின்னுக்குள் வைத்தேன்.

நம் காகிதத்தையும் அவரிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "இதேதான், தேதி மட்டும் வேற" என்றார். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "பாஸ்போர்ட்ட கம்பெனி ஆபீஸ்ல வெச்சுக்குவாங்கன்னு போட்டுருக்கு. நான் இத வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படிச்சவதானே நான். பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

நான் ஏன் இப்படி நடுங்குகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் தாத்தாவை ஜப்பான்காரன் சியாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான், அவர் திரும்பவில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படிப் போனார் என்று சொன்னதில்லை. உன் பாட்டியிடமும் சொன்னதில்லை, உங்கள் அப்பாவிடமும் சொன்னதில்லை. லயத்துக்கு ஒரு ஆள் என்று கங்காணி பேர் எழுதிக்கொண்டு வந்தான். ஆம்பிளைகள் எல்லாம் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். எங்கள் அப்பா ரப்பர் காயப்போடுகிற புகைக் கொட்டாய்க்குப் பின்னால் இருந்தார். எனக்கு ஒன்பது வயது, மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு ஒன்றையும் மாதக்கணக்காகப் பார்க்கவில்லை. கங்காணி குனிந்து, "பாப்பா, அப்பாவுக்கு நல்ல வேல வந்துருக்கு, அரிசி குடுப்பாங்க, மூணே மாசத்துல வந்துருவாரு, அப்பா எங்க?" என்று கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இருங்க, நான் கூட்டியாரேன்" என்று நானே ஓடினேன். "அப்பா, அரிசி குடுக்குறாங்களாம், வாங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் தனியாக இருந்திருந்தால் காட்டுக்குள் ஓடியிருப்பார். எனக்குப் பின்னால் கங்காணியும் இரண்டு சிப்பாயும் வருவதைப் பார்த்தார். நான் நடுவில் நிற்பதைப் பார்த்தார். எழுந்து வந்தார். "நீயாம்மா கூப்புட்ட?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. லாரி ஏறும்போதுகூட என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் ஏறினார். ஓட்டலில் நீ "கத்துக்குவேன் சார்" என்று சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்கு எங்கேயோ பார்த்ததாக இருந்தது.

காலம் வேறு என்று நீ சொல்வாய். அந்த ஜப்பான் வேறு, இந்த ஜப்பான் வேறு, அங்கே துப்பாக்கி கிடையாது, லாரி கிடையாது என்பாய். சரி. நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். கிழித்துப் போட்டால் நீ போக மாட்டாய். போகாமல் இந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, போயிருந்தால் முடிந்திருக்குமோ முடிந்திருக்குமோ என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிழவன் ஆவாய். அதையும் என்னால் பார்க்க முடியாது. அதனால் இரண்டு வார்த்தை கேட்டுக்கொள். உன்னால் முடியும். உன்னால் முடிந்ததை நான் வேட்டியில் பார்த்தேன். அவர் அது எங்கள் படம் இல்லை என்று சொன்னது உண்மைதான். அவர்களுடைய கண்ணை எடுத்து நீ நம் ஆளுக்கு வைத்தாய், அதற்கு அப்புறம் அது எப்படி அவர்களுடையதாக இருக்கும்? அதைக் குறை என்று நினைத்து நீ தலை குனிந்தாய் பார், அங்கேதான் அவர்கள் உன்னைப் பிடித்தார்கள். இன்னொன்று, அங்கே இரண்டு வருஷம் நீல முடிக்குக் கலர் அடித்தால் கை பழகும். கை பழகப் பழக, எதற்காகக் கிளம்பினோம் என்பது மறந்துபோகும். யாரும் உன்னை அடிக்க வேண்டியதில்லை. தானாகவே நடக்கும். அந்தோணிக்கு அப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறேன். அப்படி மட்டும்தான் நடந்தது என்று நினைக்கத்தான் ஆசைப்படுகிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் என் பேரை முழுசாக எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டாவது பக்கத்தில் அந்தப் பாஸ்போர்ட் வரியின் மேல் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு, பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ராபர்ட் குதிப்பான். குதிக்கட்டும். அந்த வரி இல்லாமல் உன்னை எடுத்துக்கொள்வார்கள் என்றால் போ, பாஸ்போர்ட்டை உடம்போடு கட்டிக்கொள். அந்த வரி இல்லாமல் முடியாது என்று சொன்னால், சேகரா, அவர்களுக்கு எது வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் நீயே முடிவு செய். காகிதம் கெட்டுப்போய்விட்டது, புதுசு கொண்டுவருகிறேன் என்று அவன் சொன்னால் நீ நம்பாதே. புதுசில் நான் கை வைக்க மாட்டேன்.

போனால், எனக்கு எழுது. நலம் என்று எழுத வேண்டாம். நலம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அன்றைக்கு நீ பார்த்த ஒன்றை வரைந்து அனுப்பு, ஒரு கொசுவாக இருந்தாலும் சரி, கண் வைத்து அனுப்பு. ஒரே கடிதம் எனக்கு இரண்டு தடவை வந்தால் நான் மூன்றாவதற்காகக் காத்திருக்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் கோப்பிக்கடைத் தவுக்கேயிடம் லீவு சொல்லிவிட்டு ஈப்போ போனேன். பாஸ்போர்ட் கொடுக்கிற ஆபீஸ். எனக்குத்தான். உங்கள் அம்மாவும் போட்டோ எடுத்துக்கொண்டாள், லியோங்கே எடுத்துக் கொடுத்தார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பையன் நல்ல மாதிரி, விண்ணப்பப் பாரத்தை அவனே நிரப்பினான். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டான், ஜப்பான் என்றேன், என் சேலையையும் செருப்பையும் பார்த்துச் சிரித்தான். சுற்றிப் பார்க்கவா என்று கேட்டான். இல்லை, ஆளைக் கூட்டி வர என்றேன். எப்போது போவீர்கள் என்றான். தெரியவில்லை, போகாமலே இருந்தால் நல்லது என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாரத்தைத் திருப்பி வைத்துக் கையெழுத்துக் காட்டினான். போட்டேன். போகும்போது ஒருத்திதான் என்று அவனிடம் சொன்னேன். அவன் கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன், திரும்பி வரும்போது மூன்று பேர் என்று. ரோசலின் அக்காவிடம் அந்தோணியுடைய விலாசத்தை வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா